கோல்ஃபாக்ஸ்: இரண்டு கற்களும் ஒரு பலகையும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ரெட் ஆற்றங்கரையில் கோல்ஃபாக்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அலெக்சாண்ட்ரியா நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மக்கள்தொகை 1500-ஐ ஒட்டியது. அதில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். கிராண்ட் பாரிஷின் தலைமையூர் என்பதால் ஒரு நீதிமன்றக் கட்டடம் உண்டு. மற்றபடி வழிப்போக்கர் வண்டியை நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் கிடையாது. ஆனால் 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று இங்கே நடந்ததற்கு மட்டும் மூன்று நினைவுச் சின்னங்கள் எழுந்தன. 1921-இல் ஒரு பளிங்குத் தூண், 1950-இல் ஒரு சாலையோரப் பலகை, 2023-இல் ஒரு கறுப்புக் கிரானைட் கல். மூன்றும் ஒரே நாளைத்தான் பேசுகின்றன. இறந்தவர் யார், எத்தனை பேர், நடந்ததற்குப் பெயர் என்ன என்ற மூன்றிலும் ஒன்று சொல்வதை இன்னொன்று ஒப்புவதில்லை.

ஊரின் பெயரிலிருந்தே கதை தொடங்குகிறது. மற்ற மாநிலங்களில் கவுண்டி எனப்படும் மாவட்டப் பிரிவுக்கு லூசியானாவில் பாரிஷ் என்று பெயர். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக்காலக் கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குப் பிரிவுகள் விட்டுச்சென்ற சொல் அது. உள்நாட்டுப் போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1869-இல், பக்கத்துப் பாரிஷ்களிலிருந்து நிலத்தை வெட்டி எடுத்துப் புதிய பாரிஷ் ஒன்று உருவாக்கப்பட்டது. அந்த ஆண்டு பதவியேற்ற குடியரசுத் தலைவர் யுலிசீஸ் கிராண்ட்டின் பெயர் பாரிஷுக்கும், துணைத் தலைவர் ஸ்கைலர் கோல்ஃபாக்ஸின் பெயர் ஊருக்கும் சூட்டப்பட்டன. தெற்கைத் தோற்கடித்த தளபதியின் பெயரைத் தெற்கத்தி மண்ணிலேயே வைத்தது வெள்ளை நிலவுடைமையாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்கு முன் அந்த இடம் கால்ஹூன் படகுத்துறை என்று அழைக்கப்பட்டது. மெரிடித் கால்ஹூன் என்ற பெரும் பண்ணையார் அங்கே பருத்தியும் கரும்பும் விளைவித்தார். சுமார் 700 அடிமைகள் அவருக்குச் சொந்தமாக இருந்தார்கள். அடிமை முறை ஒழிந்தபின் நிலம் அவர் மகன் வில்லியம் கைக்கு வந்தது. மகன் தந்தையின் வழியில் போகவில்லை. விடுதலை பெற்றவர்களோடு சேர்ந்து நின்றார், அவர்கள் வாக்களிக்கத் தன் நிலத்தில் இடம் கொடுத்தார், புதிய பாரிஷ் உருவாகவும் பாடுபட்டார். பண்ணையின் செங்கல் குதிரை லாயம்தான் திருத்தியமைக்கப்பட்டு பாரிஷின் நீதிமன்றமாயிற்று. முன்பு அடிமைகள் குதிரைக்குப் புல் போட்ட கட்டடத்தில் அவர்களே வாக்காளர்களாகவும் சாட்சிகளாகவும் நடுவர்களாகவும் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்த மாற்றம் நிகழ்ந்த 1865 முதல் 1877 வரையிலான ஆண்டுகளை அமெரிக்க வரலாறு மறுசீரமைப்புக் காலம் என்கிறது. அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 14-ஆம் திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பையும் தந்தது. 15-ஆம் திருத்தம் இனத்தைக் காட்டி வாக்குரிமை மறுப்பதைத் தடை செய்தது. இவற்றை நடைமுறையில் காப்பாற்றக் கூட்டாட்சிப் படைகள் தெற்கில் தங்கியிருந்தன. ஆனால் படை இருந்தது நகரங்களில். கிராண்ட் பாரிஷ் போன்ற உள்ளொடுங்கிய இடங்களில் இரவு வந்தால் சட்டம் யார் கையில் துப்பாக்கி இருக்கிறதோ அவர் கைக்குப் போய்விடும். 1871-இல் டெலோஸ் வைட் என்ற குடியரசுக் கட்சி அலுவலர் அப்படித்தான் கொல்லப்பட்டார்.

1872 நவம்பரில் நடந்த ஆளுநர் தேர்தல் லூசியானாவை இரண்டாகப் பிளந்தது. குடியரசுக் கட்சியின் வில்லியம் பிட் கெல்லாக், எதிரணியின் ஜான் மெக்கனரி இருவருமே வெற்றி கோரினார்கள். 1873 ஜனவரியில் இருவருமே பதவி ஏற்றார்கள். நியூ ஆர்லியன்ஸில் இரண்டு ஆளுநர்கள், இரண்டு சட்டமன்றங்கள். கிராண்ட் பாரிஷில் இரண்டு நீதிபதிகள், இரண்டு ஷெரீஃப்கள். கெல்லாக் பக்கம் நீதிபதி ரெஜிஸ்டர், ஷெரீஃப் ஷா; மெக்கனரி பக்கம் நீதிபதி கஸபாட், ஷெரீஃப் கிறிஸ்டோபர் கொலம்பஸ் நாஷ். கூட்டாட்சி அரசு கெல்லாக் பக்கம் நின்றது. மார்ச் 25-ஆம் தேதி இரவு அவருடைய ஆட்கள் நீதிமன்றக் கட்டடத்துக்குள் ஜன்னல் வழியாக ஏறிப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய துயரத்தின் நேரடிக் காரணம் ஒரு லாயத்துச் சாவி யாரிடம் இருப்பது என்ற வழக்கு என்றால் நம்பச் சற்றுக் கடினம்தான்.

கட்டடத்தை மீட்க வெள்ளையர் கூட்டம் சேர்கிறது என்ற செய்தி பரவியதும் சுற்றுவட்டாரக் கறுப்பினக் குடும்பங்கள் ஊருக்குள் வந்து குவிந்தன. ஏப்ரல் 5-ஆம் தேதி ஜெஸ்ஸி மெக்கின்னி என்ற விவசாயி தன் வீட்டு முற்றத்தில் வேலி சரிசெய்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் வீட்டில் இருப்பது யாருக்கும் பாதுகாப்பாகத் தோன்றவில்லை. ஆண்கள் நீதிமன்றத்தைச் சுற்றி ஆழமில்லாத அகழி வெட்டினார்கள். வேட்டைத் துப்பாக்கிகளும் சில பழைய ராணுவத் துப்பாக்கிகளும் இருந்தன, தோட்டா குறைவு. குழாய்த் துண்டுகளைக் கொண்டு பீரங்கி போல ஏதோ செய்து பார்த்தார்கள், அது உதவவில்லை. உள்நாட்டுப் போரில் வடக்கின் ஒன்றியப் படையில் பணியாற்றிய வில்லியம் வார்ட் பயிற்சி கொடுத்தார். ஆனால் மோதலுக்கு முன்பே உதவி கேட்டு அவர் நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்பியிருந்தார்.

ஈஸ்டர் ஞாயிறு நண்பகலில் நாஷின் தலைமையில் குதிரைப்படை வந்து சேர்ந்தது. பலர் உள்நாட்டுப் போரில் தெற்குக்காகப் போரிட்ட கூட்டமைப்புப் படையின் பழைய வீரர்கள். நாஷும் அப்படையில் அதிகாரியாக இருந்து வடக்கில் போர்க்கைதியாகச் சிறையிருந்தவர். ஒரு சிறு பீரங்கியும் அவர்களிடம் இருந்தது. பெண்களும் குழந்தைகளும் வெளியேற அரைமணி நேரம் கொடுக்கப்பட்டது. பிறகு சண்டை. முன்புறத்திலிருந்து அகழியைத் தாண்ட முடியவில்லை. அதனால் பீரங்கியை ஆற்றின் கரைமேட்டுப் பக்கமாக நகர்த்திப் பக்கவாட்டிலிருந்து சுட்டார்கள். அகழி உடைந்தது. சிலர் காட்டுக்கும் ஆற்றுக்கும் ஓடினார்கள்; பலர் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். பிடிபட்ட கறுப்பினத்தவர் ஒருவரை மிரட்டி, எண்ணெயில் நனைத்த துணியைக் கம்பில் கட்டி, கூரைக்குத் தீ வைக்கச் செய்தார்கள்.

உள்ளிருந்தவர்கள் வெள்ளைத்துணி காட்டினார்கள். அந்த நேரத்தில் வெள்ளையர் தரப்பின் ஜேம்ஸ் ஹாட்னட் என்பவர் குண்டடிபட்டு விழுந்தார். சரணடைந்தவர்களே சுட்டார்கள் என்றது ஒரு தரப்பு. பின்னாலிருந்து தன் ஆட்களின் குண்டுதான் பட்டது என்றது மறு தரப்பு. அதற்குப்பின் தீயிலிருந்து வெளியே வந்தவர்கள் சுடப்பட்டார்கள். மிச்சமிருந்த சில பத்துப் பேர் கைதிகளாகப் பிடிக்கப்பட்டார்கள். காலையில் விட்டுவிடுவோம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. இரவில் இருவர் இருவராக அழைத்துச் சென்று சுட்டார்கள். லீவை நெல்சன் சுடப்பட்டு, செத்ததுபோலக் கிடந்து, ஊர்ந்து தப்பினார். பெஞ்சமின் பிரிம் என்ற முதியவரின் தலையில் பின்புறமாகப் பாய்ந்த குண்டு முகத்தின் வழியே வெளியேறியது; அவரும் பிழைத்தார். இவ்விருவரின் சாட்சியம் இல்லாவிட்டால் அந்த இரவைப் பற்றி வெளியுலகம் அறிந்திருக்க வழியில்லை.

இரண்டு நாள் கழித்துக் கூட்டாட்சி அதிகாரிகள் படகில் வந்தபோது உடல்கள் இன்னும் தரையில் கிடந்தன. எத்தனை உயிர்கள் என்ற கேள்விக்கு அன்றிலிருந்து ஒரே பதில் கிடையாது. 1875-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முன் வைக்கப்பட்ட ராணுவ அறிக்கை 81 கறுப்பின ஆண்களைப் பெயர் சொல்லிக் குறித்தது. ஆற்றில் எறியப்பட்டவர்கள் 15 முதல் 20 வரை, மறைத்துப் புதைக்கப்பட்டவர்கள் 18 என்றது. பிற்கால வரலாற்றாசிரியர்களின் கணக்குகள் 60-க்கும் 150-க்கும் இடையில் அலைகின்றன. வெள்ளையர் தரப்பின் கணக்கில் மட்டும் குழப்பம் இல்லை: மூன்று பேர். மூவரின் பெயரும் தெரியும். நினைவுச் சின்னங்களின் கதையில் இந்த ஏற்றத்தாழ்வு பிறகு பெரும்பங்கு வகிக்கும்.

கல்லுக்கு முன்னால் ஒரு தீர்ப்பு வந்தது. கூட்டாட்சி வழக்கறிஞர் ஜேம்ஸ் பெக்வித் 1870-ஆம் ஆண்டின் அமலாக்கச் சட்டத்தின்கீழ் 90-க்கு மேற்பட்டோர்மீது குற்றம் சாட்டினார். பிடிபட்டவர்கள் 9 பேர்தான், நாஷ் தப்பிவிட்டார். 1874-இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த முதல் விசாரணையில் ஒருவர் விடுதலையானார். மற்றவர்கள் விஷயத்தில் நடுவர்கள் ஒருமுடிவுக்கு வரவில்லை. இரண்டாம் விசாரணையில் கொலைக் குற்றச்சாட்டு எவர்மீதும் நிற்கவில்லை. வில்லியம் குருக்ஷாங்க் உள்ளிட்ட மூவர் மட்டும் குடிமக்களின் உரிமைகளைப் பறிக்கச் சதி செய்ததாகக் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அதுவும் மேல்முறையீட்டில் தங்கவில்லை.

1876 மார்ச் 27-ஆம் தேதி தலைமை நீதிபதி மாரிசன் வெயிட் எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. 14-ஆம் திருத்தம் மாநில அரசுகளின் செயலைத்தான் கட்டுப்படுத்தும்; தனிமனிதர்கள் தனிமனிதர்களுக்குச் செய்ததை அதைக்கொண்டு தண்டிக்க முடியாது என்பது அதன் சாரம். கூட்டம் கூடும் உரிமையும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அப்படியே: நடுவண் அரசு அவற்றைப் பறிக்கக்கூடாது என்பதோடு அவற்றின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. மற்றதை மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது நீதிமன்றம். அந்த மாநிலமோ கொன்றவர்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே கூட்டாட்சிப் படை தெற்கில் அரசியல் பாதுகாப்புப் பணியிலிருந்து விலகியது. யுனைட்டட் ஸ்டேட்ஸ் எதிர் குருக்ஷாங்க் என்ற அந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். 2010-இல் துப்பாக்கி உரிமை பற்றிய மெக்டொனால்ட் வழக்கில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தனித் தீர்ப்பிலும் கோல்ஃபாக்ஸ் வருகிறது. ஊரின் பெயர் கல்லில் ஏறுவதற்கு முன்பே தீர்ப்புத் தொகுதியில் ஏறிவிட்டது.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் நடந்ததை ஓர் எண்ணிக்கையே சொல்லிவிடும். 1896-இல் லூசியானாவில் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1898-இன் புதிய மாநில அரசியலமைப்பு எழுத்தறிவுத் தேர்வையும் சொத்துத் தகுதியையும் கொண்டுவந்தது. 1867-க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவரின் வழித்தோன்றல்களுக்கு அவற்றிலிருந்து விலக்கும் அளித்தது. பாட்டன் வாக்களித்திருந்தால் பேரன் வாக்களிக்கலாம் என்ற ஏற்பாடு. அடிமையின் பேரனுக்கு அந்தப் பாட்டன் எங்கிருந்து வருவான்? 1900-இல் கறுப்பின வாக்காளர்கள் 5,320. கோல்ஃபாக்ஸில் ஒரு தூண் நட வேண்டும் என்று முடிவானபோது யாருடைய எதிர்ப்பையும் எண்ணிப்பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

1921-இல் அந்தத் தூண் ஊர் இடுகாட்டில் நிறுத்தப்பட்டது. உயரம் சுமார் 12 அடி. மேல்நோக்கிக் குறுகிச் செல்லும் நாற்பட்டைப் பளிங்கு. மறைந்த வீரர்களுக்கு அன்பான நினைவாக என்ற பொருளில் தொடங்கும் வாசகம், ஸ்டீபன் டிகேட்டர் பாரிஷ், ஜேம்ஸ் வெஸ்ட் ஹாட்னட், சிட்னி ஹாரிஸ் என மூன்று பெயர்களைச் சொல்கிறது. கோல்ஃபாக்ஸ் கலவரத்தில் வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போராடி வீழ்ந்தவர்கள் என்று அவர்களை அறிமுகப்படுத்துகிறது. தேதியும் உண்டு. எதிர்த்தரப்பில் யாராவது செத்தார்களா என்பதற்குச் சொல் இல்லை.

இந்த வெளிப்படைத்தன்மை கவனிக்கத்தக்கது. அதே காலத்தில் தெற்கெங்கும் கூட்டமைப்பு வீரர்களுக்குச் சிலைகள் எழுந்துகொண்டிருந்தன. நீதிமன்ற வாசல்தோறும் துப்பாக்கியைத் தாங்கி நிற்கும் பெயரற்ற சிப்பாய், பெரும்பாலும் கூட்டமைப்புப் புதல்வியர் சங்கம் போன்ற மகளிர் அமைப்புகளின் கொடை. அவற்றின் வாசகங்களில் கடமை, தியாகம், மாநில உரிமை என்ற சொற்கள் மிகும். அடிமை முறை தலைகாட்டாது. கோல்ஃபாக்ஸ் தூண் அந்தப் பூச்சுவேலையைச் செய்யவில்லை. எதற்காகக் கொன்றோம் என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்தது. பிற்கால வரலாற்றாசிரியனுக்கு இதைவிட நேரான வாக்குமூலம் கிடைக்காது. நாஷ் 1922 வரை உயிரோடு இருந்தார். தூண் எழுந்த ஆண்டில் அவருக்கு வயது எண்பதுக்கு மேல்.

இதற்கு லூசியானாவிலேயே ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு. 1874 செப்டம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் அணி என்ற ஆயுதக்குழு கெல்லாக் அரசைக் கவிழ்க்கத் தெருவில் போரிட்டது. அதில் இறந்த தங்கள் ஆட்களுக்காக 1891-இல் நகரின் நடுவே ஒரு தூண் எழுப்பினார்கள். அதில் வெள்ளையர் மேலாதிக்கத்தைப் பாராட்டும் வரிகள் 1932-இல்தான் சேர்க்கப்பட்டன. 1974-இல் நகராட்சி பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைத்தது. பிறகு வரிகளை மறைத்தது. 1993-இல் தூணையே ஒதுக்குப்புறத்துக்கு நகர்த்தியது. 2017 ஏப்ரலில் விடியற்காலை இருட்டில், முகமூடியும் தலைக்கவசமும் அணிந்த தொழிலாளர்களைக் கொண்டு அகற்றியது. பெருநகரத்தில் ஒரு கல்லுக்கு இத்தனை அத்தியாயங்கள். சிற்றூரின் தூணோ இடுகாட்டில் யாரும் தொடாமல் நின்றது.

இரண்டாவது சின்னம் வேறு வகையைச் சேர்ந்தது. மோட்டார் கார் பரவியபின் அமெரிக்க மாநிலங்கள் நெடுஞ்சாலை ஓரங்களில் வரலாற்றுக் குறிப்புப் பலகைகளை நடத் தொடங்கின. வர்ஜீனியா 1927-இலேயே இதைத் திட்டமாக ஆரம்பித்துவிட்டது. வார்ப்பு உலோகத் தகடு, மேலே மாநிலச் சின்னம், கீழே சில வரிகள், ஒற்றைக் கம்பம். வண்டியிலிருந்து இறங்காமலே படித்துவிட வேண்டும் என்பதால் வாசகம் மிகச் சுருக்கமாக இருக்கும். அந்தச் சுருக்கத்தில்தான் ஆபத்து. ஒரு புத்தகத்தில் காரணமும் மறுப்பும் அடிக்குறிப்பும் வர இடமுண்டு. நாற்பது சொற்களில் முடிவு மட்டுமே நிற்கும். அரசு முத்திரை வேறு சேர்ந்துவிட்டால் அந்த முடிவை யாரும் கேள்வி கேட்பதில்லை.

கோல்ஃபாக்ஸ் நீதிமன்றத்தின் அருகே நின்ற பலகையை வைத்தது லூசியானாவின் வணிக, தொழில் துறை; ஆண்டு 1950. வரலாற்றுத் துறையோ ஆவணக் காப்பகமோ இல்லை, சுற்றுலாப் பயணியை ஊருக்குள் இழுக்க வேண்டிய துறை. தலைப்பு கோல்ஃபாக்ஸ் கலவரம். இவ்விடத்தில் நடந்த கலவரத்தில் 3 வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டனர் என்பது முதல் செய்தி. அந்த நிகழ்ச்சி தெற்கில் கார்ப்பெட்பேக் முறைகேட்டு ஆட்சியின் முடிவைக் குறித்தது என்பது இரண்டாவது. இரண்டே வாக்கியங்கள். முதலாவது கணக்கு, இரண்டாவது ஆசி.

கார்ப்பெட்பேகர் என்பது வசைச்சொல். கம்பளத் துணியில் தைத்த மலிவான பயணப்பையைத் தூக்கிக்கொண்டு வடக்கிலிருந்து கொள்ளையடிக்க வந்தவன் என்று அர்த்தம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூல்கள் மறுசீரமைப்புக் காலத்தையே இந்தச் சொல்லுக்குள் அடைத்தன: வடநாட்டு ஏய்ப்பர்களும் அறியாமை மிக்க கறுப்பினத்தவரும் சேர்ந்து தெற்கைச் சூறையாடினார்கள், நல்லோர் எழுந்து மீட்டார்கள். 1915-இல் வந்த ‘பர்த் ஆஃப் எ நேஷன்’ திரைப்படம் அதைக் கொட்டகைதோறும் கொண்டுசேர்த்தது. டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் 1935-இல் மறுப்பாக எழுதிய பெருநூலைக் கல்வியுலகம் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. ஆகவே 1950-இல் பலகை எழுதிய அலுவலர் தனிப்பட்ட வன்மம் எதையும் கொட்டியிருக்க வேண்டியதில்லை. பள்ளிப் பாடநூலைத் திறந்து நகலெடுத்தாலே போதும்.

பலகையின் எண்ணிக்கையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கறுப்பினத்தவர் சாவைப் பற்றிய மதிப்பீடுகளில் 150 என்பது உச்ச வரம்பை ஒட்டியது. கொன்றவர்களின் பக்கம் நின்று பேசும் பலகை எண்ணிக்கையைக் குறைக்க முயலவே இல்லை. குற்றம் என்று கருதுபவன்தான் குறைத்துச் சொல்வான். வெற்றி என்று கருதுபவன் கூட்டித்தான் சொல்வான். 3-க்கு 150 என்ற விகிதத்தைப் பார்த்தபின்னும் கலவரம் என்ற தலைப்பு உறுத்தவில்லை என்பதிலிருந்து அந்தச் சொல் என்ன வேலை செய்தது என்று விளங்கும்.

கலவரம் என்றால் இரு தரப்பும் மோதிக்கொண்டது, யார் தொடங்கினார் என்று தெரியாது, கூட்டத்தில் யாரோ செத்தார்கள் என்ற தொனி வந்துவிடுகிறது. தெற்கில் அந்தச் சொல்லுக்குக் கூடுதலாக ஓர் உட்பொருளும் இருந்தது: கலவரம் செய்பவர்கள் கறுப்பினத்தவர், அடக்குபவர்கள் வெள்ளையர். 1866-இல் மெம்ஃபிஸிலும் நியூ ஆர்லியன்ஸிலும் நடந்த கொலைகள் இந்தப் பெயரில்தான் பதிவாயின. கோல்ஃபாக்ஸ் தூண் எழுந்த அதே 1921-இல் ஓக்லஹோமாவின் டல்ஸா நகரில் கறுப்பினக் குடியிருப்பு எரிக்கப்பட்டது. அதற்கும் கலவரம் என்றே பெயர் சூட்டப்பட்டது. கலவரச் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்ற விதியைக் காட்டி காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. ஒரு சொல்லுக்குப் பண மதிப்பும் இருந்தது. டல்ஸாவின் நூற்றாண்டு நினைவுக் குழு 2018-இல்தான் தன் பெயரிலிருந்த கலவரத்தை எடுத்துவிட்டுப் படுகொலை என்று மாற்றிக்கொண்டது.

கோல்ஃபாக்ஸ் பலகை எழுபது ஆண்டுகள் நின்றது. அந்த நீதிமன்றத்துக்குப் பத்திரம் பதியவும் வரி கட்டவும் சாட்சி சொல்லவும் வந்த கறுப்பினக் குடும்பங்களில் பலர் செத்தவர்களின் வழிவந்தவர்கள். 1965-இன் வாக்குரிமைச் சட்டத்துக்குப்பின் அவர்கள் மீண்டும் வாக்காளர்கள் ஆனார்கள். பலகை அப்போதும் இருந்தது. அரசு வைத்த பொருளை அகற்ற யாரிடம் மனுக் கொடுப்பது, எந்தத் துறை பொறுப்பு என்பதே தெளிவில்லாத நிலை. வைத்த துறையின் பெயரும் பணியும் இடையில் மாறியிருந்தன. 2008-இல் லீஆனா கீத், சார்ல்ஸ் லேன் இருவரும் இந்த நிகழ்ச்சி பற்றித் தனித்தனியே நூல்கள் வெளியிட்டார்கள். ஒருவர் நூலின் பெயரிலேயே படுகொலை என்ற சொல் இருந்தது. கோல்ஃபாக்ஸ் என்ற பெயரை அறியாத வாசகர்களும் அதன்பின் அதைத் தேடி வந்தார்கள்.

கடைசியில் காரியத்தை நகர்த்தியது ஒரு விந்தையான கூட்டணி. கொன்றவர்களில் ஒருவரின் வழித்தோன்றலும், வேலி கட்டும்போது சுடப்பட்ட ஜெஸ்ஸி மெக்கின்னியின் வழித்தோன்றலும் சேர்ந்து மாநில அதிகாரிகளை அணுகினார்கள். 2021 மே மாதம் பலகை பெயர்த்தெடுக்கப்பட்டது. நியூ ஆர்லியன்ஸில் போல முகமூடி அணிந்த தொழிலாளர்கள் தேவைப்படவில்லை.

பலகையை அகற்றிவிட்டு வெறுமனே விட்டிருந்தால் ஊரில் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி இடுகாட்டுத் தூண்தான். அந்த இருவரும் உழைப்பைத் தொடர்ந்தார்கள். 2023 ஏப்ரல் 13 அன்று, சரியாக 150-ஆம் ஆண்டு நிறைவில், சுமார் 7 அடி உயரமுள்ள கறுப்புக் கிரானைட் நினைவுக்கல் திறக்கப்பட்டது. பக்கங்களில் சித்திரங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வரைந்தவர் ஜாஸ்மென் லீ-ஜான்சன் என்ற கலைஞர். நடுவில் பெயர்கள்: கொல்லப்பட்டவர்களாக அறியப்பட்ட அல்லது கருதப்படும் 57 பேர், அவர்களோடு சண்டையில் இருந்து உயிர்தப்பியவர்களும்.

57 என்ற எண்ணைப் பலகையின் 150-உடன் வைத்துப் பார்த்தால் திடுக்கிடும். கொல்லப்பட்டவர்களின் பக்கம் நிற்கும் கல் ஏன் சிறிய எண்ணைச் சொல்கிறது? காரணம் எளியது. எண்ணைச் சொல்ல மதிப்பீடு போதும். பெயரைச் சொல்ல ஆதாரம் வேண்டும். விடுதலை பெற்று எட்டே ஆண்டுகள் ஆன மக்கள். அடிமைக் கால மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பாலும் வயது, பாலினம் போன்றவை மட்டுமே எழுதப்பட்டன, பெயர் இல்லை. விடுதலைக்குப்பின் ஒருவரே இரண்டு மூன்று குடும்பப் பெயர்களில் அறியப்பட்டதுண்டு. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுத்துக்கூட்டினார். மக்கள்தொகைக் கணக்கு, நியூ ஆர்லியன்ஸ் விசாரணைச் சாட்சியம், காங்கிரஸ் அறிக்கை, கைம்பெண்கள் கொடுத்த வாக்குமூலம் என்று ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுத்தான் ஒரு பெயரை உறுதிசெய்ய முடியும். ஆற்றில் எறியப்பட்டவர்கள் அந்தப் பட்டியலுக்குள் வருவதே அரிது. கல்லில் ஏறிய ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது.

பெயர் வெட்டும் இந்த முறை இன்று தெற்கு முழுவதும் பரவிவருகிறது. அலபாமாவின் மான்ட்கோமரியில் 2018-இல் திறந்த நினைவகத்தில் கும்பல் கொலைக்கு இரையான 4,000-க்கும் மேற்பட்டோர் கவுண்டிவாரியாக எஃகுத் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கும் அமைதியாக நடந்துவிடவில்லை. 1955-இல் மிஸிஸிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் உடல் எடுக்கப்பட்ட இடம் என்று ஆற்றங்கரையில் வைத்த பலகை திருடப்பட்டது. மறுபடி வைத்தால் துப்பாக்கிக் குண்டுகளால் சல்லடையாயிற்று. அதன்பின் வைத்ததும் அப்படியே. 2019-இல் நான்காவது முறையாக வைத்தபோது 500 பவுண்டுக்கு மேல் எடையுள்ள, குண்டு துளைக்காத எஃகுப் பலகையாகச் செய்ய வேண்டியதாயிற்று. கோல்ஃபாக்ஸ் கிரானைட்டுக்கு அப்படி எதுவும் நேர்ந்ததாகத் தகவல் இல்லை.

1921-இன் தூண் அகற்றப்படவில்லை. கிரானைட் திறக்கப்பட்ட நாளிலும் அது இடுகாட்டில், மூன்று பெயர்களோடும் வெள்ளையர் மேலாதிக்கம் என்ற சொல்லோடும் நின்றுகொண்டிருந்தது.  1950-இன் பலகை நின்ற நீதிமன்ற வளாகத்தில் இப்போது அந்தக் கம்பம் இல்லை. கொல்லப்பட்டவர்களில் பலர் அவ்வட்டாரத்து மண்ணிலேயே அடையாளம் ஏதுமின்றிப் புதைந்திருக்கிறார்கள்.